மணி அடிக்கிறது, மனம் அமரவில்லை: வாசகி ஒருவருக்குப் பதில்

கேள்வி

மதிப்புக்குரிய உளவளத்துணையாளர் அவர்களுக்கு, எனக்கு வயது 31. கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றில் கணவர், தரம் 3இல் படிக்கும் மகன், மாமி ஆகியோருடன் வசிக்கிறேன். கணக்கியல் தொழில்சார் பரீட்சையில் எனக்கு இன்னும் நான்கு பாடங்கள் மீதமிருக்கின்றன. பரீட்சைக்கு 16 வாரங்களே உள்ளன. பாடங்களைப் பிரித்து எழுத விதிகளில் இடமுண்டு. காலை நாலரைக்கு எழும்பிச் சமைத்து, பஸ் நெரிசலுக்குப் பயந்து வெள்ளெனவே புறப்பட்டு, ஏழே முக்காலுக்கு அலுவலகத்தில் இருப்பேன். வேலை தொடங்குவது எட்டரைக்கு. இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடிகிறது. படுக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும். 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் முறையைத் தோழி ஒருத்தி சொல்லித்தந்து, கைத்தொலைபேசியில் அதற்கான செயலியையும் போட்டுக்கொடுத்தாள். ஒரு மாதமாக முயல்கிறேன். கணக்கு பிடிபடும் நேரம் பார்த்து மணி அடிக்கிறது. ஐந்து நிமிட ஓய்வு வட்ஸ்அப்பில் தொடங்கி முக்கால் மணித்தியாலமாக நீள்கிறது. அலுவலகத்தில் இதைச் செய்து பார்த்தால் 25 நிமிடம் யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்த நாளே இல்லை. சில இரவுகளில் கண் எழுத்தில் இருக்கிறது, ஒன்றும் உள்ளே போவதில்லை. என் மூளையில்தான் பிழையா? இந்த முறை பரீட்சையைத் தள்ளிப்போடுவதா?

பதில்

அன்புள்ள சகோதரி,

நாலரை மணிக்கு எழும்பி, பதினேழு மணித்தியாலங்கள் கழிந்த பின்னரும் புத்தகத்துடன் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மனம் சில இரவுகளில் மறுப்புத் தெரிவிப்பதை மூளையின் பிழையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது வேறொன்று. உங்களுக்குக் கிடைத்த முறையில் மணியை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மணிக்கு முன்னாலும் பின்னாலும் செய்யவேண்டியவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லித்தராமல் விட்டிருக்கிறார்கள். செயலிகளிலும் பெரும்பாலும் அந்தப் பகுதி இருப்பதில்லை.

இந்த முறையை உருவாக்கியவர் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ. 1980களின் பிற்பகுதியில், பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்த அவர், தக்காளி வடிவச் சமையலறை ரைமர் ஒன்றைத் திருகி வைத்துவிட்டு, அது அடிக்கும் வரையாவது ஒழுங்காகப் படித்துவிடுவது என்று தம்மோடு தாமே பந்தயம் கட்டினார். அதிலிருந்துதான் 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்றுகள் முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் வரையான நீண்ட ஓய்வு என்ற ஒழுங்கு வளர்ந்தது. தக்காளியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லான பொமொடோரோ என்பதே அதற்குப் பெயராகவும் ஆனது. அந்த 25 என்ற எண் ஒரு மாணவர் தமக்குப் பொருந்துமாறு கண்டுகொண்ட அளவு. அது மனித மூளையின் எல்லையை அளந்து பெறப்பட்டதன்று.

இதை அறிவியலால் நிறுவ விரும்புகிறவர்கள் சிலர், 1948இல் பிரித்தானிய உளவியலாளர் நோர்மன் மக்வேர்த் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவதுண்டு. ராடார் திரையைக் காவல் காப்பவர்களின் கவனத்தைச் சோதிப்பதற்காக, துள்ளித்துள்ளி நகரும் முள் ஒன்று எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளுவதைக் கண்டுபிடிக்குமாறு அவர் ஆட்களை இரண்டு மணித்தியாலம் உட்கார வைத்தார். முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே அவர்களுடைய கூர்மை குறிப்பிடத்தக்க அளவு குறைந்துவிட்டது. ஆனால் அது எதுவும் நடக்காத திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஒருங்கிணைந்த நிதிக்கூற்று, அதாவது ஒரு தாய்க் கம்பனிக்கும் அதன் துணைக் கம்பனிகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, தயாரிப்பது அப்படிப்பட்டதன்று. அதில் கேள்வியை வாசித்து, தாய்க் கம்பனி எது, துணைக் கம்பனி எது, பங்குகள் எந்தத் திகதியில் வாங்கப்பட்டன என்று மனத்தில் அடுக்கிக்கொள்வதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே 25ஆவது நிமிடத்தில் மணி அடிப்பது, சோறு பதமாக வரும் நேரத்தில் அடுப்பை அணைத்தது போலாகிவிடுகிறது. நீங்கள் எரிச்சலடைந்ததில் வியப்பில்லை.

எனவே அளவை வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குச் செய்யும் பாடங்களுக்கு 40 நிமிடமும் அதன்பின் 10 நிமிட ஓய்வும் வைத்துக்கொள்ளலாம். கணக்கீட்டு நியமங்கள், கம்பனிச் சட்டம் போன்று வாசித்து நினைவில் நிறுத்த வேண்டியவற்றுக்கு 25 நிமிடமே பொருத்தமானது. களைத்த இரவுகளில் 15 நிமிடம் போதும். அதைக் குறைவு என்று கருத வேண்டாம். மணி அடிக்கும்போது கணக்கின் நடுவில் இருந்தால், கையில் உள்ள செய்கையை முடிக்கும் வரை, அதிகபட்சம் ஐந்து நிமிடம், தொடருங்கள். அதற்கு மேல் தொடர வேண்டாம். நன்றாகப் போகிறதே என்று ஓய்வைத் தவிர்ப்பவர்கள் அடுத்த அமர்வில் அதற்கான விலையைக் கொடுப்பதை நான் அடிக்கடி காண்கிறேன்.

இனி மணிக்கு முன்னால் செய்யவேண்டியது. ரைமரைத் திருகுவதற்கு முன்பு ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "குழுமக் கணக்கு படித்தல்" என்று எழுதினால் அது வரியாகாது. "கடந்தகால வினாத்தாள், 3ஆம் கேள்வி, நன்மதிப்புக் கணிப்பு வரை" என்று எழுதினால்தான் அது வரி. அந்த அமர்வு முடிந்ததும் செய்தேனா, செய்யவில்லையா என்று உங்களால் ஆம் அல்லது இல்லை எனச் சொல்ல முடிய வேண்டும். பரந்த தலைப்போடு உட்காருகிறவர் முதல் எட்டுப் பத்து நிமிடங்களை எங்கே தொடங்குவது என்ற யோசனையிலேயே செலவழிக்கிறார். அந்த யோசனையின் சங்கடத்திலிருந்து தப்புவதற்காகத்தான் கை தொலைபேசியைத் தேடுகிறது.

அதே தாளில் வலப்பக்கம் ஒரு கோடு இழுத்து, படிக்கும்போது குறுக்கே வரும் நினைவுகளை அங்கே இரண்டு சொல்லில் குறியுங்கள். மகனின் வெள்ளைச் சப்பாத்துக் கழுவவில்லை, மின்கட்டணம் கட்டவில்லை, அக்காவுக்குப் பதில் அனுப்பவில்லை என்பன போன்ற நினைவுகள் எழும். அவற்றை அடக்க முயன்றால் திரும்பத் திரும்ப எழும். எழுதி வைத்துவிட்டால் மறந்துவிடுவோமோ என்ற பயம் போய்விடுவதால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சிரில்லோவின் முறையிலேயே இது ஒரு முக்கிய அங்கம்.

மணி அடித்த பின்னர், எழுந்து போவதற்கு முன்னர், இன்னும் ஒரு வரி எழுதவேண்டும்: திரும்பி வந்ததும் முதலில் செய்யப்போவது என்ன? சோபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டியபடி, முடியாத ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நம்முடைய கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. பிற்பாடு, 2018இல் இன்னொருவருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வில், விட்ட இடத்தையும் அடுத்த படியையும் சில வரிகளில் குறித்துவிட்டுச் சென்றவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்திருந்தது. "துணைக் கம்பனியின் ஒதுக்கங்களைப் பிரிப்பதிலிருந்து தொடங்கு" என்று தாளில் இருந்தால், பத்து நிமிடம் கழித்து வந்து உட்காரும்போது பேனையை எடுத்ததுமே வேலை ஆரம்பித்துவிடும்.

ஓய்வைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் உங்கள் ஒரு மாத முயற்சி உடைந்த இடம் அதுதான். தொலைபேசியில் ஓய்வெடுப்பவர் ஓய்வெடுப்பதில்லை. படிக்கும்போது உழைத்தவை கண்களும் வாசிக்கும் மனமும். வட்ஸ்அப்பும் முகநூலும் அதே இரண்டையும்தான் மறுபடி வேலைவாங்குகின்றன. அதோடு, ஒரு குழுமத்தில் வந்த செய்திக்குப் பதில் எழுதிவிட்டால், அதற்கு மறுமொழி வருமா என்ற எதிர்பார்ப்பும் உங்களோடு மேசைக்குத் திரும்பி வருகிறது. ரைமரும் அதே கருவியில் இருப்பதால் மணியை நிறுத்தப் போகும் விரல் நேரே செய்திக்குப் போகிறது. ஆகவே செயலியை நீக்கிவிட்டுச் சமையலறையில் வைக்கும் திருகு ரைமர் ஒன்றையோ, மலிவான அலாரம் மணிக்கூடு ஒன்றையோ வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசி அடுத்த அறையில் கிடக்கட்டும். மாமிக்கோ மகனின் பாடசாலைக்கோ அவசரம் வந்துவிடுமென்று அஞ்சினால், அழைப்பு ஒலியை மட்டும் விட்டு ஏனையவற்றை மௌனமாக்கலாம்.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது? எழுந்து நிற்பது, தண்ணீர் குடிப்பது, பல்கனியில் நின்று தூரத்தில் உள்ள ஒன்றைப் பார்ப்பது, மாடிப்படியில் ஒரு தரம் இறங்கி ஏறுவது, பிளேன்ரீ ஊற்றிக் குடிப்பது எல்லாம் நல்லவை. இரண்டு கோப்பை கழுவுவதும் தவறில்லை. கைக்கு வேலை, மனத்துக்கு ஓய்வு. ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் வீடுகளில் பெண் எழுந்து நின்றால் அவள் வேலைக்குத் தயாராகிவிட்டாள் என்று அர்த்தம். அவளுடைய பத்து நிமிடத்தில் ஒருவருக்கு மருந்து வேண்டும், ஒருவருக்குத் தண்ணீர்ப் போத்தல் வேண்டும், இன்னொருவருக்கு நாளைய சட்டை தேய்த்திருக்க வேண்டும். கணவன் படிக்கும் வீட்டில் அவர் ஓய்வுக்கு எழுந்தால் தேநீர் வருகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனவே இதை உங்கள் மனக்கட்டுப்பாட்டின் பிரச்சினையாக மட்டும் கொண்டு தனியே போராட வேண்டாம். உங்கள் கணவரிடம் "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "சனிக்கிழமை காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் மாமியின் தேநீரும் மகனின் சாப்பாடும் உங்கள் பொறுப்பு" என்று நேரத்தையும் வேலையையும் பெயர்சொல்லிக் கேளுங்கள். மகனுக்கும் ரைமரைக் காட்டி, அது அடிக்கும் வரை அம்மாவைக் கூப்பிடக்கூடாது, அடித்ததும் ஓடி வரலாம் என்று சொல்லுங்கள். தரம் 3 படிக்கும் பிள்ளைக்கு விளங்கக்கூடிய ஒழுங்குதான் இது. அந்தப் பத்து நிமிடத்தில் அவன் உண்மையாகவே உங்களிடம் வரலாம் என்பதையும் காப்பாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை நம்ப மாட்டான்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை, முழு நாளையும் 25 நிமிடத் துண்டுகளாக வெட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். அது உங்கள் தொழிலின் பகுதி. பெறுமதி சேர் வரி அறிக்கை, வங்கி இணக்கக் கூற்று, மாத இறுதியில் ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்பும் பட்டியல் என்று பிழை விட்டால் பெரும் தொல்லை தரக்கூடிய வேலைகள் சில இருக்குமல்லவா? அவற்றுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஓர் அமர்வை ஒதுக்குங்கள். யாராவது இடையில் வந்தால் கையில் உள்ள இலக்கத்தைக் குறித்துவிட்டு, "சேர், இந்த இணக்கத்தை முடித்துவிட்டுப் பத்தரைக்கு வரட்டுமா?" என்று நேரம் சொல்லிக் கேளுங்கள். நேரம் சொல்லாமல் "பிறகு வருகிறேன்" என்பவரைத்தான் மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள். உண்மையிலேயே அவசரமானால் உடனே போய்விடுங்கள். அந்த அமர்வு அத்துடன் முடிந்தது, மனத்தாங்கல் வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிச் சென்ற ஒரு செய்தி இருக்கிறது. ஏழே முக்காலுக்கு அலுவலகம், எட்டரைக்கு வேலை. ஆளில்லாத மேசை, அடிக்காத தொலைபேசி, இன்னும் களைக்காத மனம். வாரநாட்களில் கடினமான பாடத்துக்கான 40 நிமிட அமர்வு அங்கேதான் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு நீங்கள் இரண்டு மணித்தியாலம் போராடிப் பெறுவதைவிட அதில் கூடுதலாகப் பெறுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். வினாத்தாளை முதல்நாள் இரவே பையில் வைத்துவிடுங்கள், தாளின் முதல் வரியையும் அப்போதே எழுதிவிடுங்கள்.

இரவுக்கு மீந்திருப்பது 15 அல்லது 20 நிமிடம். அதில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, காலையில் செய்ததை வெறுந்தாளில் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிறத்தில் சேருங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு நடந்த தேர்விலோ, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். கண் எழுத்தில் இருக்க ஒன்றும் உள்ளே போகவில்லை என்று நீங்கள் சொல்லும் நிலை, பெரும்பாலும் திரும்ப வாசிக்கும்போதுதான் வரும். எழுதும் கைக்கு அப்படி நடிக்க வராது.

இவ்வாறு செய்தால் பத்தரைக்குள் படுத்துவிடலாம். அதை நான் வற்புறுத்தியே கேட்கிறேன். இப்போது நீங்கள் தூங்குவது ஐந்து மணித்தியாலம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது தேவை. பத்தரைக்குப் படுத்தாலும் ஆறுதான் கிடைக்கும். எனவே காலைச் சமையலில் ஒரு பகுதியை இரவிலேயே முடித்தோ, வாரத்தில் இரண்டு நாள் பாணுக்கு மாறியோ, ஐந்து மணிக்கு எழும்ப வழியிருக்கிறதா என்றும் வீட்டில் பேசிப்பாருங்கள். படித்தது நினைவில் நிலைபெறுவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதால், அதை வெட்டிப் படிப்புக்குக் கொடுப்பது கணக்காளர் ஒருவர் செய்யக்கூடாத கொடுக்கல் வாங்கல். தூக்கத்தைச் சரிசெய்து மூன்று வாரமாகியும் களைப்பும் மறதியும் தொடர்ந்தால், மருத்துவர் ஒருவரைக் கண்டு, இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெண்களில் இவ்விரண்டும் கவனக்குறைவாகத் தோற்றம் காட்டுவதுண்டு. எதிலும் விருப்பமில்லாமை, காரணமற்ற அழுகை, சிறுவயதிலிருந்தே எந்த வேலையிலும் கவனம் நிலைக்காமை ஆகியவற்றில் ஒன்று உங்களுக்கு இருந்தால், அதை ரைமரால் தீர்க்க முயலாமல் நேரில் வந்து பேசுங்கள்.

இன்னொன்று. பரீட்சை மண்டபத்தில் 40 நிமிடத்துக்கொருமுறை யாரும் மணி அடித்து ஓய்வு தரப்போவதில்லை. மூன்று மணித்தியாலம் ஒரே இருப்பில் எழுத வேண்டும். எனவே கடைசி ஐந்து வாரங்களில், ஞாயிறு காலைகளில், அமர்வுகளை ஒட்டவைத்து முதலில் ஒன்றரை மணித்தியாலம், பிறகு இரண்டு, பிறகு முழு வினாத்தாள் என்று நீட்டிப் பழகுங்கள். குறுகிய அமர்வு கற்பதற்கு உதவும் கருவி. எழுதும் வலுவைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

பரீட்சையைத் தள்ளிப்போடுவதா என்ற கேள்விக்கு நானோ நீங்களோ இன்றைக்கு மனநிலையை வைத்துப் பதில் சொல்லக்கூடாது. முதல் மூன்று வாரங்களின் தாள்களைச் சேர்த்து, உண்மையாகவே முடித்த அமர்வுகளை எண்ணுங்கள். வாரநாள் காலைகளில் ஐந்து, சனிக்கிழமை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை நான்கு என்று வாரத்துக்கு 14 வந்ததாக வைத்துக்கொள்வோம். 16 வாரத்துக்கு அது 224 அமர்வு. 40 நிமிடப்படி ஏறத்தாழ 149 மணித்தியாலம். ஒரு கடந்தகால வினாத்தாளைச் செய்து, புள்ளியிட்டு, பிழைத்த இடங்களை மறுபடி படிக்க ஆறு மணித்தியாலம் ஆகுமென்றால், பாடமொன்றுக்கு எட்டுத் தாள்களுக்கு 48 மணித்தியாலம் வேண்டும். நான்கு பாடங்களுக்கு அது 192. உங்களிடம் அவ்வளவு இல்லை. இரண்டு பாடங்களுக்கு 96. பாடங்களைப் படிக்க இன்னும் 53 மணித்தியாலம் கையில் மிஞ்சும். உங்கள் எண்கள் வேறாக வரலாம்; மாத இறுதி வாரங்களில் நிச்சயமாகக் குறையும். அப்படியிருந்தும், மூன்றாவது வார முடிவில் எண்ணிக்கை பத்துக்கு மேல் நின்றால், முழுவதையும் தள்ளிப்போடாமல் இரண்டு பாடங்களுக்கு விண்ணப்பியுங்கள். எந்த இரண்டு என்பதை உங்களுக்குப் பிடித்ததைக் கொண்டு தீர்மானிக்காமல், தாளில் அதிக அமர்வுகள் "ஆம்" என்று முடிந்திருக்கும் பாடங்களைக் கொண்டு தீர்மானியுங்கள். எண்ணிக்கை பத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றை மட்டும் எழுதுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதி மூன்றாவது வாரத்துக்கு முன்னரே வந்துவிடுமா என்பதை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.